குளிருக்கு என்ன போட்டுக்கலாம்? வாசகர் கேள்வி பதில்

டிசம்பர் நெருங்கிடுச்சு, வந்திருக்கற கேள்விகள்ல முக்கால்வாசி குளிர் பத்தித்தான், அதனால இந்தத் தடவை முழுக்க அதுக்கே குடுத்துட்டேன். நீலகிரில பொறந்து வளர்ந்து, இப்ப கனடால குளிர்காலம் தள்ளிட்டு இருக்கறவங்கற முறைல எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

கேள்வி: என் பையன் ஜனவரில டொராண்டோ போறான், படிக்கறதுக்கு. கனமான ஸ்வெட்டர் ரெண்டு, லெதர் ஜாக்கெட் ஒண்ணு, ஒரு டஜன் காட்டன் பனியன் எல்லாம் வாங்கி வச்சுட்டேன். இன்னும் என்ன வாங்கணும்? (ஒரு அம்மா, திருச்சி)

பதில்: அம்மா, லெதர் ஜாக்கெட்ட கடைல திருப்பிக் குடுக்க முடிஞ்சா குடுத்துடுங்க. பனியன் வீட்டுக்குள்ள போட்டுக்கட்டும், வெளிய போறப்ப உடம்போட ஒட்டி காட்டன் இருக்கவே கூடாது. காட்டன் வேர்வைய உறிஞ்சி தன்கிட்டயே வச்சுக்கும், திருச்சி வெயில்ல அது சுகம், அங்க அதுவே வினை. காத்த விட தண்ணி சுமார் 25 மடங்கு நல்லா சூட்டக் கடத்தும், அதனால ஈரம் பட்டா உடம்புச் சூடு வேகமா போயிடும். பையன் பஸ்ஸ புடிக்க ஓடுவான், ஜாக்கெட்டுக்குள்ள வேர்க்கும், பஸ் போயிருக்கும், அடுத்த பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாப்ல நிப்பான், அப்ப அந்த நனைஞ்ச பனியன் முதுகுல ஜில்லுன்னு ஒட்டும், மேல என்ன போட்டிருந்தாலும் நடுக்கம் நிக்காது.

மூணு அடுக்கா யோசிங்க. உடம்போட ஒட்டி தெர்மல், அதாவது குளிருக்குன்னே வர்ற உள்ளாடை, மேலயும் கீழயும். அதுக்கு மேல உல்லன் ஸ்வெட்டரோ, ஃப்ளீஸ்ங்கற மெத்துன்னு இருக்கற துணில தைச்சதோ. எல்லாத்துக்கும் மேல காத்தும் தண்ணியும் உள்ள வராத பெரிய கோட். துணி தானா சூடு உண்டாக்காதும்மா, சூடு நம்ம உடம்போடது, துணிக்கு நடுவுல அசையாம நிக்கற காத்துதான் அத வெளிய விடாம காக்குது, அதனாலதான் ஒரு தடிமனான ஸ்வெட்டர விட மெல்லிசா ரெண்டு மூணு போட்டா நல்லா தாங்குது. இன்னொரு வசதியும் இருக்கு. அங்க பஸ், ரயில், கிளாஸ் ரூம் எல்லாத்துலயும் ஹீட்டர் ஓடும், உள்ள 20 டிகிரிக்கு மேல இருக்கும், ஏறின உடனே கோட் ஜிப்ப இறக்கி ஸ்வெட்டரக் கழட்டிடணும், இல்லன்னா உள்ள வேர்த்து வெளிய வந்து விறைச்சுப் போவான். வேர்க்கறதுக்கு முன்னாடியே கழட்டணும்னு அவன்கிட்ட கண்டிப்பா சொல்லி விடுங்க, புதுசா வர்ற பசங்க இதுலதான் கஷ்டப்படறாங்க.

தெர்மல் மட்டும் நம்ம ஊர்லயே வாங்குங்க, திருப்பூர் சரக்கே நல்லா இருக்கு, விலையும் கம்மி, மூணு செட் போதும், பாலியஸ்டர் கலந்ததா பாத்து வாங்குங்க. உல்லன் சாக்ஸ் நாலு ஜோடி. பெரிய கோட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்கட்டும். நம்ம ஊர் கடைல "மைனஸ் 20 தாங்கும்"னு சொல்லி விக்கறதுல பாதிக்கு ஒழுங்கான ஹூட் கூட இருக்காது. கோட் இடுப்போட நிக்காம தொடை வரைக்கும் மறைக்கணும், ஜிப் மேல ஒரு மடிப்புத் துணி வந்து மூடணும், கைல உள்பக்கம் எலாஸ்டிக் இருக்கணும், அது இல்லன்னா கை வழியா காத்து ஏறிடும். புதுசு விலை ஜாஸ்தின்னா பழைய துணிக் கடைங்க அங்க நிறைய இருக்கு, நல்ல கோட்டே பாதிக்கும் கீழ கிடைக்கும், அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. இறங்கற அன்னைக்குப் போட்டுக்க மட்டும் கைப்பெட்டில ஒரு ஜாக்கெட், குல்லா, கையுறை இருக்கணும், பெரிய பெட்டி வந்து சேராம போனாலும் ஏர்போர்ட் வாசல்ல அவன் நடுங்கி நிக்க வேண்டாம்.

போன்ல வெதர் பாக்கறப்ப டிகிரிக்குப் பக்கத்துல "ஃபீல்ஸ் லைக்"னு ஒரு நம்பர் வரும், அதப் பாத்து உடுத்தச் சொல்லுங்க. மைனஸ் 10 டிகிரில மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா உடம்புக்கு அது மைனஸ் 20 மாதிரி. அந்த நம்பர் மைனஸ் 28க்குக் கீழ போச்சுன்னா தொறந்து கிடக்கற தோல் 10 லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைஞ்சுடலாம்னு கனடா வானிலைத் துறையே எச்சரிக்கை குடுக்கும்.

கேள்வி: எனக்கு வயசு 61. நேபாளத்துல இருக்கற முக்திநாத் பெருமாள் கோயில் யாத்திரைக்குப் பேர் குடுத்திருக்கோம். புடவைதான் கட்டுவேன், சுடிதார் பழக்கம் இல்ல. 108 தாரைல நனையணும்னு ரொம்ப நாள் ஆசை. குளிர் தாங்குமா? (ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்)

பதில்: திவ்யதேசம் சேவிக்கப் போறீங்க, ரொம்ப சந்தோஷம். புடவையிலேயே போகலாம், உள்ள மட்டும் மாத்திக்குங்க. புடவையோட கஷ்டம் என்னன்னா கீழ்ப்பக்கம் முழுக்க தொறந்திருக்கும், மலைக் காத்து நேரா கால் வழியா மேல ஏறும். அதனால முதல்ல தெர்மல் பேண்ட், அதோட கீழ் நுனிய உல்லன் சாக்ஸுக்குள்ள நல்லா சொருகிக்குங்க. காட்டன் பாவாடைக்குப் பதிலா தடிப்பா உல்லன்லயோ ஃப்ளீஸ்லயோ தைச்சுக்குங்க. ரவிக்கைக்குள்ள முழுக்கை தெர்மல். முந்தானைய தொங்க விடாம சுத்திக் கொண்டு வந்து இடுப்புல சொருகிட்டு அதுக்கு மேல ஸ்வெட்டர், கோட் போட்டுக்கணும், சால்வை மட்டும் போத்திக்கிட்டா காத்துல நிக்காது. புடவைய தரைய விட்டு நாலு விரக்கடை தூக்கியே கட்டுங்க, கரை நனைஞ்சா விறைச்சுப் போய் கால்ல தடுக்கும். மடிசார் கட்டறவங்களா இருந்தா இன்னும் நல்லது, கால் ரெண்டும் தனித்தனியா மூடியிருக்கறதால நடக்கறதும் சுலபம்.

தாரை விஷயம் கவனமா கேளுங்கம்மா. கோயில் 3,700 மீட்டருக்கு மேல இருக்கு, பின்பக்கம் அரைவட்டமா வரிசையா 108 பசுமுகம், அதுலேர்ந்து கொட்டற 108 தாரையும் பனி உருகின தண்ணி, முன்னால குளம் வேற. ஓடிப் போய் எல்லாத்துலயும் நனையறதுக்குள்ள கை விரல்ல உணர்ச்சியே இருக்காது. அந்தத் தண்ணி பட்ட உடனே மூச்சு வாங்கும், பிரஷர் சட்டுன்னு ஏறும். பிரஷரோ இதயக் கோளாறோ இருந்தா முழுசா நனையறத விட்டுடுங்க, தலைல கொஞ்சம் தண்ணி தெளிச்சு புரோக்ஷணம் பண்ணிக்கிட்டாலே போதும், பெருமாள் குறை சொல்ல மாட்டார். டாக்டர் சரின்னு சொல்லி நனையறதா இருந்தா, கட்டியிருக்கற கனத்த புடவையோட போகாதீங்க. லேசான பழைய நைலக்ஸ் புடவையோட போங்க, வெளிய வந்ததும் அத முழுசா அவுத்துடணும், ஈரப் புடவை மேலயே ஸ்வெட்டர் போட்டுக்கறவங்களப் பாத்து எனக்கு வயித்தக் கலக்கும். காஞ்ச துணி ஒரு முழு செட்ட பிளாஸ்டிக் கவர்ல போட்டு பைக்குள்ள மேலாக வைங்க, போட்டுக்கற வரிசைலயே அடுக்கி வைங்க, விரல் மரத்துப் போனா கொக்கி போட வராது, அதனால ரவிக்கைக்குப் பதிலா தலை வழியா மாட்டற மேல்துணியா இருக்கட்டும். கூட ஒருத்தர் துண்டோட தயாரா நிக்கணும். முதல்ல தலையத் துவட்டுங்க.

போற வழில இருக்கற ஜோம்சோம் பக்கம் காலைல அமைதியா இருக்கும், மதியம் நெருங்க நெருங்க பள்ளத்தாக்குல காத்து பேயா அடிக்கும், குட்டி விமானமெல்லாம் காலைலயே போறது அதனாலதான். சேவைய சீக்கிரம் முடிச்சுக்குங்க. அங்க வர்ற தலைவலி, வாந்தி, தள்ளாட்டத்த குளிர்னு நினைச்சு இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திராதீங்க, அது உயரத்தால வர்றது, உடனே கீழ இறங்கணும்.

கேள்வி: நான் கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். அப்பாவ யாழ்ப்பாணத்தில இருந்து கூப்பிட்டு இதுதான் முதல் குளிர்காலம். கோட் போடுங்கோ எண்டா "எனக்குக் குளிரேல்ல" எண்டு சாரத்தோடயும் (லுங்கி) மெல்லிய சேட்டோடயும் கடைக்கு வெளிக்கிடுறார். என்ன செய்யிறது? (ஒரு மகள்)

பதில்: சகோதரி, அப்பா பிடிவாதத்துக்காகச் சொல்லல, வயசானவங்களுக்கு உண்மையாவே குளிர் தெரியறது குறைஞ்சு போயிடும், நடுக்கமும் கம்மியாத்தான் வரும், அதான் பயமே. உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழ போனாலே அவசர நிலை. பேச்சு குழறினா, நடை தடுமாறினா, சட்டைப் பட்டன் போட விரல் வரலைன்னா, ஏதோ மயக்கமா பதில் சொன்னா, சும்மா அசதின்னு விட்டுடாதீங்க, அவசர உதவிக்கு 911 கூப்பிடுங்க. வீட்டுக்குள்ள ஹீட்டரக் குறைச்சு வச்சாலும் இது வரும்.

சாரத்த விடச் சொல்லி சண்டை போடாதீங்க. வீட்ல சாரத்துக்குள்ள தெர்மல் பேண்ட் போட்டுக்கட்டும், யாருக்கும் தெரியப் போறதில்ல, அவருக்கும் கௌரவம் கெடாது. கோட்ட அலமாரிக்குள்ள பூட்டி வைக்காம வாசல்ல அவர் செருப்புக்குப் பக்கத்துல ஆணில மாட்டி வைங்க, தூக்கறதுக்கு லேசா, ஜிப் பெருசா, அவரே போட்டுக்கற மாதிரி வாங்குங்க. நாலு கிலோ கோட்ட வயசான தோள்ல ஏத்தினா யாரா இருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்வாங்க. கோட்ட விட முக்கியம் பூட்ஸ். ஐஸ்ல வழுக்கி இடுப்பு எலும்பு உடைஞ்சா அந்த வயசுல படுக்கைதான், அடில நல்ல கிரிப் உள்ளது, கழட்டி மாட்ட ஈசியானது பாருங்க. ஸ்னோ அள்ற வேலைய மட்டும் அவர்கிட்ட விடவே விடாதீங்க, குளிர்ல ரத்தக் குழாய் சுருங்கியிருக்கறப்ப பாரம் தூக்கினா இதயத்துக்கு ஆபத்து.

கேள்வி: கோயம்புத்தூர்லேர்ந்து விடியக்காலைல பைக்ல ஊட்டி போறோம் ப்ரெண்ட்ஸ் எல்லாரும். ஜீன்ஸும் ஹூடியும் பத்தாதா? (ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: பத்தாது தம்பி. ஊட்டி 2,240 மீட்டர், டிசம்பர் ஜனவரில தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா உறைபனி படிஞ்சு கிடக்கும். 5 டிகிரில நீ 40ல வண்டி ஓட்டினா உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழ. ஹூடில காத்து அப்படியே ஊடுருவும். மேல மழைக்கோட்டு போட்டாக்கூட பெரிய வித்தியாசம் தெரியும், காத்த நிறுத்தறதுதான் பைக்ல முதல் வேலை. ஒண்ணுமே இல்லன்னா பேப்பர விரிச்சு நெஞ்சுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவுல வை, எங்க ஊர்ப் பக்கம் பால் வண்டிக்காரங்க அப்படித்தான் போவாங்க. கையுறை கட்டாயம், விறைச்ச விரல்ல பிரேக் புடிக்க வராது, மலைப்பாதைல அது உயிர் விஷயம். கழுத்துல மஃப்ளர் சுத்தினா நுனிய உள்ள சொருகிடு, தொங்கினா வீல்ல மாட்டும்.

கேள்வி: குளிருக்கு ரெண்டு பெக் பிராந்தி நல்லதுதானே? (வாசகர், ஓசூர்)

பதில்: இல்லைங்க. குடிச்சதும் தோலுக்கு ரத்தம் வந்து சூடா இருக்கற மாதிரி தெரியும், அந்தச் சூடு அப்படியே வெளிய போயிட்டு இருக்கும், உள்ள உடம்பு குளிர்ந்துட்டே வரும். சுக்குக் காப்பி குடிங்க.

கேள்வி: எட்டு மாசக் குழந்தை. இந்தக் குளிர்ல கார் சீட்ல எப்படி உக்கார வைக்கறது, தடி ஜாக்கெட்டோடயா? (ஒரு தாய், மிசிசாகா, கனடா)

பதில்: வேண்டவே வேண்டாம்மா. ஜாக்கெட் உப்பலா இருக்கும், பெல்ட் இறுக்கமா இருக்கற மாதிரி தெரியும், இடிச்சா அந்த உப்பல் அமுங்கி குழந்தை பெல்ட்லேர்ந்து நழுவிடும். வீட்லயே சோதிச்சுப் பாருங்க: ஜாக்கெட்டோட உக்கார வச்சு பெல்ட்ட இறுக்குங்க, பெல்ட்டத் தளர்த்தாம குழந்தைய எடுத்து ஜாக்கெட்டக் கழட்டிட்டு மறுபடி அதே பெல்ட்ல வைங்க, எவ்வளவு இடைவெளின்னு பாத்தா உங்களுக்கே தூக்கிவாரிப் போடும். மெல்லிய தெர்மல், ஃப்ளீஸ் உடுப்போட உக்கார வச்சு, பெல்ட்ட மாட்டி, அதுக்கு மேல போர்வையப் போத்துங்க, முகம் மூடாம. கார் சூடானதும் போர்வைய எடுத்துடுங்க. மத்தபடி நீங்க என்ன போட்டிருக்கீங்களோ அத விட ஒரு அடுக்கு கூட, அவ்வளவுதான் கணக்கு. கை ஜில்லுன்னு இருந்தா பயப்படாதீங்க, பிடரில கை வச்சுப் பாருங்க, அங்க வெதுவெதுன்னு இருந்தா சரி, வேர்த்திருந்தா ஒண்ணக் கழட்டுங்க.

கேள்வி: எத்தன சாக்ஸ் போட்டாலும் கால் விரல் மரத்துப் போகுது. வேர்ஹவுஸ்ல வெளிய நின்னு வேலை. (வாசகர், பிராம்ப்டன், கனடா)

பதில்: எத்தன போடறீங்கங்கறதுதான் பிரச்சனையே. பூட்ஸுக்குள்ள விரல ஆட்ட இடம் இல்லாம திணிச்சா ரத்த ஓட்டம் நிக்கும், காத்து நிக்கவும் இடம் இருக்காது. தடியான உல்லன் சாக்ஸ் ஒரு ஜோடி போடுங்க, அதோட கால நுழைச்சுப் பாத்து அரை சைஸ் பெருசா பூட்ஸ் வாங்குங்க. வீட்டுக்கு வந்ததும் பூட்ஸுக்குள்ள கால் படற இன்சோல் அட்டைய உருவித் தொட்டுப் பாருங்க, ஈரமா இருக்கும், அத ராத்திரி முழுக்க தனியா காய வைங்க, அப்படியே விட்டா மறுநாள் காலைல ஈரத்துலதான் கால வைக்கறீங்க. மதிய சாப்பாட்டு நேரத்துல மாத்த இன்னொரு ஜோடி சாக்ஸ் பைல இருக்கட்டும். கான்கிரீட் தரையும் சூட்ட உறிஞ்சும், நிக்கற இடத்துல ஒரு தடி அட்டையப் போட்டு அது மேல நில்லுங்க. கைக்கு, விரல் தனித்தனியா உள்ள கையுறைய விட நாலு விரலும் சேர்ந்திருக்கற மிட்டன் சூடு தாங்கும், உள்ள மெல்லிசா ஒரு கையுறை போட்டுக்கிட்டா ஸ்கேனர் புடிக்கறப்ப மிட்டனக் கழட்டிக்கலாம்.

விரல் வெளுத்து மெழுகு மாதிரி கெட்டியா ஆயிட்டா தேய்க்காதீங்க, ஹீட்டர் மேலயோ அடுப்புலயோ காட்டாதீங்க, மரத்த தோலுக்கு சுடறது தெரியாது, வெந்து போயிடும். உள்ள போய் 37 லேர்ந்து 39 டிகிரி வெதுவெதுப்பான தண்ணில முக்கி வைங்க, வேற யாரையாவது முழங்கை விட்டு சூடு பாக்கச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல நிறம் திரும்பலைன்னாலோ கொப்புளம் வந்தாலோ எமர்ஜென்சிக்குப் போங்க. குளிர் இல்லாத நாள்லயும் ஃப்ரிட்ஜத் தொட்டாலே விரல் வெளுத்து நீலமாகுதுன்னா அது வேற விஷயம், உங்க குடும்ப டாக்டர்கிட்ட அதச் சொல்லிக் காட்டுங்க.