ஸ்டீராய்டு இன்ஹேலரை அதிக டோஸில் தொடங்கினால் ஆஸ்துமா சீக்கிரம் அடங்குமா?

கேள்வி இது: வயது 34, புதிதாக ஆஸ்துமா. பியூடிசோனைடு என்ற ஸ்டீராய்டு, 200 மைக்ரோகிராம் ரோட்டாகேப் (இழுக்கும் பொடி அடைத்த கேப்சூல்) காலை ஒன்று, இரவு ஒன்று. நண்பர் நாளைக்கு 800 எடுக்கிறார். நாமும் அதிகமாகத் தொடங்கிப் பிறகு குறைக்கலாமா?

நான் நெஞ்சக நோய் மருத்துவர். புறநோயாளிப் பிரிவில் வாரம் தவறாமல் வரும் கேள்விதான். பெரும்பாலானவர்களுக்கு அப்படித் தேவைப்படுவதில்லை.

பெரியவர்களுக்கு பியூடிசோனைடில் நாளைக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை குறைந்த டோஸ். 800-ஐத் தாண்டினால் அதிக டோஸ். கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி அந்தக் குறைந்த டோஸிலேயே கிடைத்துவிடும். அதற்கு மேல் ஏற்ற ஏற்றப் பலன் கொஞ்சமாகத்தான் கூடும். குரல் கம்முவது, வாயில் வெள்ளை படிவது போன்ற தொல்லைகள்தான் மிச்சம். நண்பருடையது வேறு மருந்தாக இருந்தால் எண்ணை ஒப்பிடவே கூடாது. இன்னொரு ஸ்டீராய்டான புளூட்டிகசோன் புரோப்பியோனேட் பொடியில் 100 முதல் 250 வரைதான் குறைந்த டோஸ்.

வாரத்தில் பல நாள் இளைப்பு, இரவில் இருமி எழுவது என்றிருந்தால் கதை வேறு. அப்போதும் ஸ்டீராய்டை மட்டும் கூட்டாமல், குறைந்த டோஸ் பியூடிசோனைடோடு, மூச்சுக்குழாயை விரிக்கும் ஃபார்மோட்டிரால் சேர்ந்த இன்ஹேலரில் தொடங்குவதே இப்போதைய வழக்கம்.

'மருந்து கேட்கவில்லை டாக்டர்' என்று வருபவரிடம் நான் முதலில் சொல்வது, 'என் முன்னாடி ஒரு தடவை இழுத்துக் காட்டுங்க.' கேப்சூல் போட்டு இழுக்கும் கருவியான ரோட்டாஹேலரைத் திருகி வாயில் வைத்து, உள்ளேயே ஊதிவிடுவார். பொடி ஈரமாகி ஒட்டிக்கொள்ளும். மூச்சை வெளியே விட்டுவிட்டு, உதட்டால் இறுக்கிப் பிடித்து, வேகமாக ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பிறகு திறந்து பாருங்கள். கேப்சூலில் பொடி மிச்சமிருந்தால் மறுபடி இழுங்கள். (கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கியவர்களும் உண்டு!) இதைச் சரிபார்க்காமல் டோஸை ஏற்றுவது வீண் செலவு.

ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். இரண்டு மூன்று மாதம் நன்றாக இருந்தால் மருத்துவரே டோஸைக் குறைத்துப் பார்ப்பார். நீங்களாக நிறுத்திவிட்டு, இளைப்பு வரும்போது மட்டும் இழுக்கும் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றையே நம்பி ஓட்டாதீர்கள். அது மட்டும் போதாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா 2019-லேயே சொல்லிவிட்டது. ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் டோஸ் கணக்குப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.