நீட்டி மடக்கினால் கால்வலி வராதா?

ஓட்டப் பயிற்சி பற்றிய வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட்டும் ஓட்டப் பயிற்றுநரும் பதில் தருகிறார்கள்.

கேள்வி: ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன். ஓடும் முன் பத்து நிமிடம் ஸ்ட்ரெட்சிங் தவறியதே இல்லை. அப்படியும் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்ஓரத்தில் வலி. செய்முறையில் ஏதும் பிசகா? – வாசகி, பிடோக்

பதில்: பிசகு உங்களிடம் இல்லை. நின்ற நிலையில் தசையை இழுத்துப் பிடிப்பது ஓட்டக் காயங்களைக் குறைப்பதாக நல்ல ஆதாரம் கிடையாது. 2000-இல் வெளியான ஆஸ்திரேலிய ராணுவ ஆய்வில், புதிதாகச் சேர்ந்த 1,538 வீரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் 12 வாரம், பயிற்சிக்கு முன் காலின் ஆறு தசைத் தொகுதிகளை 20 வினாடி வீதம் நீட்டினார்கள், மற்றவர்கள் நீட்டவில்லை. காயக் கணக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்களுடையது அநேகமாக, தாங்கிய சுமையிலிருந்து தேற எலும்புக்கு நேரம் கிடைக்காததால் வந்த வலி. தசையை நீட்டினால் அந்தச் சுமை குறையாது.

ஐந்து நிமிடம் விறுவிறுவென நடந்துவிட்டு மெல்ல ஓடத் தொடங்குங்கள். நம் ஊர் வெப்பத்துக்கு அதுவே தாராளம். விரல் நுனி அளவு இடத்தில் அமுக்கினால் சுள்ளென்று வலித்தாலோ, படுத்த பிறகும் வலித்தாலோ, ஓட்டத்தை நிறுத்திவிட்டு பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். எலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் அது எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றதும் மறுநாளே ஓடக் கிளம்பாதீர்கள்.

கேள்வி: டிசம்பரில் அரை மராத்தான் ஓடப் பதிந்திருக்கிறேன். வாரத்துக்கு பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டுவதில்லை. போன வாரம் 24 கிலோமீட்டர், இந்த வாரம் 26. ஞாயிறன்று 14 ஓடியதும் முழங்கால் பிடித்துக்கொண்டது. விதியை மீறவே இல்லையே? – வாசகர், ஈசூன்

பதில்: வாரக் கணக்கு சரி. ஆனால் அதற்கு முன் ஒரே தடவையில் நீங்கள் ஓடிய அதிகபட்சத் தூரம் என்ன? பலருக்கு இதற்குச் சட்டென்று பதில் வராது. கைக்கடிகாரச் செயலி வாரக் கூட்டலைத்தானே பெரிதாகக் காட்டுகிறது! நீங்கள் எட்டு கிலோமீட்டர்தான் ஓடி வந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், அந்த ஞாயிறன்று கூட்டியது 75 விழுக்காடு.

பத்து விழுக்காட்டு விதியை நெதர்லாந்தில் 2008-இல் ஓட்டத்துக்குப் புதியவர்களிடம் சோதித்தார்கள். அதன்படி 13 வாரம் மெல்லக் கூட்டியவர்களிலும், வழக்கமான 8 வாரத் திட்டத்தில் ஓடியவர்களிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் காயம். 2025-இல் வந்த பெரிய ஆய்வு, 5,000-க்கும் மேற்பட்டோரை 18 மாதம் கடிகாரப் பதிவுகள் வழியே பின்தொடர்ந்தது. கடந்த 30 நாளின் ஆக நீண்ட ஓட்டத்தைவிட ஒரு நாள் ஓட்டம் பத்து விழுக்காட்டுக்கு மேல் போனபோது காய அபாயம் ஏறியது. இரு மடங்கைத் தாண்டியபோது அபாயமும் இரு மடங்குக்கு மேல். வாரக் கூட்டல் ஏறியதற்கு அப்படித் தொடர்பு தெரியவில்லை. இது கண்காணிப்பு ஆய்வுதான், காரணத்தை அறுதியிட்டுச் சொல்லாது. ஆனாலும் வாரக் கணக்கைவிட இதை நம்பலாம் என்பது எங்கள் கட்சி.

வலி அடங்கியதும் வலிக்காத தூரத்திலிருந்து தொடங்குங்கள். அது 8 என்றால் அடுத்த வாரம் 8.8, பிறகு 9.6, அதன்பின் 10.5. இந்த வீதத்தில் அரை மராத்தானின் 21 கிலோமீட்டரைத் தொட பத்து வாரத்துக்கு மேல் ஆகும். நான்கு வாரத்துக்கு ஒன்றை இலேசாக விட்டால் 13, 14 வாரம். டிசம்பர் தொடக்கத்தில் போட்டி என்றால் ஆகஸ்ட் கடைசியிலேயே ஆரம்பித்தாக வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் ஓடாமல் திரும்பினால் பழைய 14 செல்லாது. மூன்று நான்கு கிலோமீட்டரிலிருந்து மறுபடி ஏறுங்கள்.

கேள்வி: கடையில் பாதத்தைப் பார்த்துவிட்டு, தட்டைப் பாதத்துக்கென்றே வரும் காலணிதான் வாங்க வேண்டும் என்கிறார்கள். 250 வெள்ளி! – வாசகர், சுவா சூ காங்

பதில்: அதற்காக 250 வெள்ளி வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் பாத வளைவு பார்த்துக் காலணி கொடுத்ததையும், எல்லோருக்கும் ஒரே வகை கொடுத்ததையும் ஒப்பிட்டார்கள். காயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. போட்டு ஓடிப் பார்த்து, உறுத்தாததை எடுங்கள். இரண்டு சோடி மாற்றி மாற்றிப் போட்டால் நல்லது. நம் ஈரப்பதத்தில் வியர்வையில் ஊறிய காலணி ஒரே இரவில் காயவும் காயாது.

கேள்வி: ஐபிபிடி எனும் சிங்கப்பூர் ராணுவ உடல்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தயாராகிறேன். தசை வலுப் பயிற்சி காயத்தைத் தடுக்குமா? – தேசிய சேவையாளர், தெம்பனிஸ்

பதில்: எப்படிச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில் முதல் மராத்தானுக்குத் தயாரானவர்களிடம் 12 வாரப் பயிற்சியைக் கொடுத்து, தாங்களாகவே செய்யச் சொன்னார்கள், காயம் குறையவில்லை. பின்லாந்தில் புதியவர்களுக்குப் பயிற்றுநர் கண்காணிப்போடு இடுப்பு, வயிற்றுத் தசைப் பயிற்சி தந்தபோது குறைந்தது.

புளோக் மாடிப்படியிலேயே தொடங்கலாம். ஒற்றைக் காலின் முன்பாதத்தைப் படி விளிம்பில் வைத்து, குதிகாலை முழுசாக உயர்த்தி, மூன்று வினாடி எடுத்து இறக்குங்கள். ஒரு காலுக்கு 8 முதல் 12 தடவை, மூன்று சுற்று, வாரம் இரண்டு நாள். கைப்பிடியை விரலால் தொட்டால் போதும். இறுகப் பிடித்தால் கையே பாதி எடையைத் தூக்கிவிடும். துள்ளாதீர்கள். கணுக்கால் வெளிப்பக்கம் சாய்ந்தால் அந்தச் சுற்றை அங்கேயே நிறுத்துங்கள். 12 சுலபமானதும் முதுகுப்பையில் ஐந்து கிலோ ஏற்றுங்கள்.

இடுப்புக்கு: ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குங்கள். கால்விரல்கள் கூரையைப் பார்த்தால் முன்தொடைதான் உழைக்கும், இடுப்புப் பக்கத் தசை சும்மா இருக்கும். விரல்கள் முன்னால் பார்க்கட்டும், கால் ஓர் அங்குலம் பின்னால் இருக்கட்டும்.

கேள்வி: நிமிடத்துக்கு 180 காலடி வைத்து ஓடினால் முழங்கால் தப்பிக்குமாமே? – வாசகி, ஜூரோங்

பதில்: 180 எல்லோருக்கும் பொருந்தாது. உங்களுடையதை எண்ணிப் பார்த்து, அதே வேகத்தில் ஐந்து விழுக்காடு கூட்டுங்கள். 160 என்றால் 168. ஒவ்வொரு காலடியின் நீளமும் சிறுத்து, முழங்கால் மீது விழும் சுமை குறையும். குதிகாலைத் தவிர்த்து முன்பாதத்தில் இறங்க மட்டும் முயலாதீர்கள், கெண்டைக்கால் சீக்கிரம் இறுகிவிடும்.