குழுவில் சேர்ந்த பிறகு பட்டறைக் கத்தி ஏன் பிடிக்காமல் போகிறது?

மட்டக்களப்பு கல்லடியில் கொல்லர் அடித்த கத்திகளைச் சேர்த்துவந்த நீங்கள், இணையக் குழுவில் சேர்ந்த பிறகு வெளிநாட்டுக் கத்திகளையே தேடுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

திரையில் கத்தியைப் பிடித்துப் பார்க்க முடியாதே. அதனால் எண்ணில் சொல்லக்கூடியதற்குத்தான் அங்கே மதிப்பு: ரொக்வெல் கடினம் (எஃகு எவ்வளவு கடினம் என்று காட்டும் அளவு) 60ஐத் தாண்டுமா, எஃகு எது, மொத்தம் எத்தனை கத்திதான் செய்தார்கள். 'இனி வராது' என்று யாராவது எழுதினால் போதும், ஒரு மீன்கூட வெட்டாமல் பெட்டியோடு அடுக்கிவிடுவார்கள். எனக்கு அது முத்திரை சேர்ப்பதுபோல்தான் படுகிறது.

பழைய லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்திக்கு அந்த எண் கிடையாது. ஆனால் சாதாரணக் கல்லிலேயே தீட்டலாம், அடியும் தாங்கும். மிகக் கடினமான மெல்லிய அலகு எலும்பில் பட்டால் விளிம்பு சிதறும்.

குழுக்களில் தோல் உறைப் படங்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நம்முடைய கடற்காற்றில் கார்பன் எஃகு சீக்கிரம் துருப்பிடிக்கும். 15% அளவு குரோமியம் உள்ள விஜி-10 என்ற ஜப்பானியத் துருவெதிர்ப்பு எஃகுகூட முழுக்கத் தப்பாது. துடைத்து, மெல்லிசாக எண்ணெய் பூசி, உறைக்கு வெளியே வையுங்கள்.