தங்க நிறம் தேய்ந்த ஸ்டெர்லிங் ப்ரூச் போலியா?

வணக்கம். ட்ரைஃபாரி என்ற அமெரிக்க நிறுவனத்தின் உங்கள் பூ ப்ரூச்சின் (உடையில் குத்தும் நகை) பின்னால் 'ஸ்டெர்லிங்' (92.5 சதவீத வெள்ளி) முத்திரை, முன்னால் தங்க நிறம், ஓரங்கள் தேய்ந்து வெள்ளையாகத் தெரிகிறது, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல், அமெரிக்காவில் தகரம் போன்ற உலோகங்களை நகைக்குப் பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்தது. அதனால்தான் ட்ரைஃபாரி, கோரோ போன்ற ஃபேஷன் நகை நிறுவனங்கள் 92.5 சதவீத வெள்ளிக்கு மாறி, மேலே தங்க முலாம் பூசின. இதழ் நுனியிலும் துணி உரசும் மேடுகளிலும் முலாம் போய் வெள்ளி எட்டிப் பார்ப்பது இயல்பு. தேய்ந்த இடம் லேசாகக் கறுத்திருந்தால் இன்னும் நல்ல அறிகுறி. உள்ளே பித்தளை மஞ்சள் தெரிந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், லென்ஸ் வைத்து முத்திரையைப் பாருங்கள். நிறுவனப் பெயருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'சி' என்ற பதிப்புரிமைக் குறி (©) இருந்தால் அது போர்க்காலப் பொருள் அல்ல. ட்ரைஃபாரி அந்தக் குறியைப் போட ஆரம்பித்தது 1950களின் நடுவில்தான்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: வெள்ளி பாலிஷ் போடாதீர்கள், மிச்ச முலாமும் போய்விடும். தண்ணீரிலும் முக்க வேண்டாம். கற்களுக்கு அடியில் மெல்லிய பளபளப்புத் தகடு இருக்கும். ஈரம் இறங்கினால் கல் மங்கிக் கறுத்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. உலர்ந்த மென்துணியால் துடைத்தால் போதும். புது முலாம் பூசச் சொன்னாலும் சரி என்று சொல்லிவிடாதீர்கள், சேகரிப்பவர்கள் பழைய பூச்சையே விரும்புவார்கள்.

பின்பக்கத்தையும் ஊசிக் கொக்கியையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.