வீடியோவில் வந்தவர் டாக்டர்தானா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, சுகர் உண்டு. தூக்கம் வரவில்லை என்று அம்மா புலம்பியதைக் கேட்ட மெடிக்கல் ஷாப் ஆள் ஒருவர், தன் போனிலேயே ஒரு சென்னை டாக்டரை வீடியோவில் பிடித்துக் கொடுத்தார். 800 ரூபாயை அந்த ஆளுக்கே ஜிபே செய்தோம். வாட்ஸ்அப்பில் வந்த சீட்டில் டாக்டர் பெயர் இருக்கிறது, பதிவு எண் இல்லை. எழுதியிருப்பது அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரை. அம்மா பத்து நாளாகச் சாப்பிடுகிறார். இப்போது "ஹெல்த் கார்டு போடணும், ஓடிபி சொல்லுங்க" என்கிறார் அந்த ஆள். சீட்டு செல்லுமா? டாக்டர் மேல் கேஸ் போடலாமா?

பதில்: முதலில் அந்த ஓடிபியைச் சொல்லாதீர்கள். ஏற்கெனவே சொல்லி, பணமும் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு உடனே போன் போடுங்கள். மற்றதை அப்புறம் வாசிக்கலாம்.

சீட்டு செல்லாது. வீடியோவிலும் போனிலும் வைத்தியம் பார்ப்பதற்கென்று 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ நெறிமுறைப்படி சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருந்தே ஆக வேண்டும். அல்பிரசோலம் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ள மருந்து. அதை வீடியோவில் பார்த்து எழுதவே கூடாது. எழுதியவர் அசல் டாக்டராகவே இருந்தாலும் தப்புதான்.

ஆனால் டாக்டர் மேல் பாய்வதற்கு முன்னால், வீடியோவில் வந்தவர்தான் அந்தப் பெயருக்கு உரியவரா என்று பாருங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். இருந்தால், அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி எண்ணை நீங்களே கண்டுபிடித்துக் கூப்பிடுங்கள். இந்த ஆள் கொடுக்கும் எண்ணில் கூப்பிட்டால் இன்னொரு நாடகம் நடக்கும். என்னிடம் வந்த ஒரு விவகாரத்தில், சீட்டில் பெயர் இருந்த டாக்டருக்கு அப்படி ஒரு சீட்டு இருப்பதே தெரியாது. அதற்குள் ஊரெல்லாம் அவர் படத்தைப் போட்டுத் திட்டித் தீர்த்துவிட்டார்கள். பேஸ்புக்கில் நீங்களும் அதைச் செய்யாதீர்கள். உங்கள் சீட்டில் பெயருள்ள டாக்டரே வீடியோவில் அம்மாவைப் பார்த்தார் என்று தெரிந்தால் கவுன்சிலுக்குப் புகார் எழுதுங்கள்.

"நாங்களும் பேச ஒத்துக்கொண்டோமே" என்று தயங்குவீர்கள். இதை நிதானமாக வாசியுங்கள். நோயாளி தானாகவே டாக்டரைக் கூப்பிட்டால், கூப்பிட்டதே சம்மதம். தனியாகக் கேட்க வேண்டாம். டாக்டரோ, சுகாதாரப் பணியாளரோ, கவனித்துக்கொள்பவரோ கூப்பிட்டு வைத்தால் கதை வேறு. அப்போது நோயாளியின் சம்மதத்தைத் தெளிவாகக் கேட்டு வாங்கி, பதிவும் செய்ய வேண்டும். மகன் நீங்களே கூப்பிட்டிருந்தாலும் அம்மாவைக் கேட்டிருக்க வேண்டும். இங்கே கூப்பிட்டவர் வழிப்போக்கர் மாதிரி ஒருவர். போன் கையில் வந்ததும் அம்மா "ம்" கொட்டினார் என்பதற்காக எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டதாக ஆகாது.

எனக்கு எரிச்சல் இந்த நடு ஆட்கள் மேல்தான். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்பார்கள், பணம் தங்கள் எண்ணுக்கு வரும், ரசீது கிடையாது. ரிப்போர்ட்டும் ஆதார் படமும் அவர்கள் போனிலேயே கிடக்கும். டாக்டர் கட்டணம் வாங்கினால் ரசீது தர வேண்டும் என்பதும் அதே நெறிமுறைதான். வீடியோவில் டாக்டரைப் பார்க்க அரசின் இ-சஞ்சீவனி இருக்கிறது, காசே வேண்டாம். அதை ஊர் ஊராகச் சொல்ல ஆள் இல்லை. நெறிமுறையை ஆங்கிலத்தில் அச்சடித்துவிட்டால் கல்லிடைக்குறிச்சி ஆச்சி வாசித்துத் தெரிந்துகொள்வாளாம்!

800 ரூபாய்க்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அலைச்சலை யோசித்துக்கொண்டு போங்கள். ஜிபே விவரம், சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

மாத்திரை என் துறை அல்ல. ஆனாலும் அதை நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம், இன்னொரு அட்டையும் வாங்க வேண்டாம். அம்மாவையும் மாத்திரை அட்டையையும் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கோ, உங்கள் ஊர் டாக்டரிடமோ இந்த வாரமே கூட்டிப் போய்க் காட்டுங்கள்.