கரடியின் தூக்கமும் அப்பாவின் கெண்டைக்கால் வீக்கமும்

(கோத்தகிரி வாசகிக்கு)

நீலகிரித் தைலம் போட்டு அப்பாவின் காலை நீவுவதை இந்த நிமிடமே நிறுத்துங்கள். நான்கு பக்கக் கடிதத்தில், மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: “மூணு நாளா இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா இருக்கு.” மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தேயிலைச் சரிவில் வழுக்கி விழுந்து, இடது தொடை எலும்பின் கழுத்து முறிந்து, அறுவை முடிந்து ஐந்து வாரம். எழுபது வயது. இத்தனை நாளும் கட்டிலை விட்டு இறக்கவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் பத்தாம் நாள் அட்டை தீர்ந்ததும் விட்டுவிட்டீர்கள்; வழக்கமாக அது 28 முதல் 35 நாள் வரை தேவைப்படும். காலின் ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியாக உறைய இதற்கு மேல் என்ன வேண்டும்? அறுவை செய்த கால் கொஞ்சம் வீங்கத்தான் செய்யும். ஆனால் அந்த வீக்கம் நாளுக்கு நாள் வடிய வேண்டும். ஐந்தாம் வாரத்தில் புதிதாகக் கிளம்பக் கூடாது.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் சந்தேகம் வலுக்கிறது. குறைவாக இருந்தாலும் டாப்ளர் ஸ்கேன் (ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் ஸ்கேன்) வேண்டும், இன்றைக்கே. அழுத்தி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம். திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ, தலைசுற்றிச் சாய்ந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிறுத்திய மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கட்டி இருந்தால் மருந்தும் அளவும் வேறு, குறைந்தது மூன்று மாதம்.

இனி, நீங்கள் உண்மையில் பயப்படுவது: தொடை மெலிந்துபோயிற்று, அப்பா இனி நடப்பாரா? அதற்காக, கரடி ஆறு மாதம் படுத்தாலும் சதை கரையாது, அந்த ரகசியம் எங்கள் பொடியில் இருக்கிறது என்ற வீடியோவை நம்பி இரண்டு டப்பா வரவழைத்திருக்கிறீர்கள்.

முதலில், அது நம் ஊர்க் கரடி இல்லை. கோத்தகிரித் தோட்டங்களுக்குள் வந்துபோகிற கரடி டிசம்பர் குளிரிலும் கறையான் புற்றைத் தோண்டிக்கொண்டு அலையும். ஐந்து முதல் ஏழு மாதம் வரை தின்னாமல், குடிக்காமல், சிறுநீர்கூடக் கழிக்காமல் கிடப்பது வட அமெரிக்கக் கருங்கரடி. அதற்கும் பலம் குறையவே செய்கிறது: 130 நாளில் சுமார் 23 சதவீதம். இவ்வளவோடு தப்பிப்பதற்குக் காரணம் பொடி அல்ல. அதன் உடலே கால்வாசி வேகத்தில்தான் ஓடுகிறது. இடையிடையே நடுங்குவதால் தசைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவை அது வீணாக்குவதில்லை. குடல் நுண்ணுயிர்கள் அதை உடைக்கின்றன, அந்த நைட்ரஜன் மறுபடி புரதமாகிறது. உறங்கும் கரடியின் ரத்தநீரை மனிதத் தசைச் செல்களில் விட்டபோது புரதம் சிதைவது குறைந்தது உண்மை. அது ஆய்வகத் தட்டில், டப்பாவில் இல்லை.

வீடியோக்காரர் விட்டுவிட்ட சங்கதி ஒன்று உண்டு. உறங்கும் கரடிக்குக் காலில் ரத்தம் உறைவதில்லை. ரத்தத் தட்டணுக்களில் உறைதலுக்கு உதவும் ஹெச்.எஸ்.பி.47 என்ற புரதம் அப்போது சுமார் 55 மடங்கு குறைந்துவிடுகிறது என்று 2023-இல் கண்டறிந்தார்கள். முதுகுத்தண்டு அடிபட்டு ஆண்டுக்கணக்கில் படுத்திருப்பவர்களிடமும் அது குறைவு. புதிதாகப் படுத்தவருக்கு, அதாவது உங்கள் அப்பாவுக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது.

தசைக் கணக்கும் அப்படித்தான். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்தாலே இரண்டு காலிலுமாக ஏறக்குறைய ஒரு கிலோ சதை போய்விடுகிறது. அப்பாவின் தொடை மெலிந்ததில் வியப்பில்லை. மீட்கலாம், மாதங்கள் ஆகும்.

ஸ்கேன் பார்த்து மருத்துவர் சரி என்றதும் தொடங்குங்கள். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். முழங்கால் சிப்பி மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏறவில்லையென்றால் தசை இறுகவில்லை, இடுப்பைத் தூக்கி ஏமாற்றுகிறார். ஐந்து விநாடி பிடித்து விட வேண்டும், பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணச் சொன்னால் அடக்க முடியாது. அறுவை செய்தவரிடம் கேளுங்கள்: அந்தக் காலில் எவ்வளவு எடை ஊன்றலாம்? அவர் சொன்னபடி வாக்கரில் நிறுத்துங்கள். கைப்பிடி உள்ள, உயரமான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது நல்ல பயிற்சி. மணையும் தாழ்ந்த கட்டிலும் ஆகாது.

சாப்பாடு? வர்க்கியும் டீயும் கஞ்சியும் சதை வளர்க்காது. 55 கிலோ எடைக்கு நாளுக்கு 66 முதல் 80 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் 12, சமைத்த கோழி 100 கிராமில் 25. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். ராத்திரி மட்டும் கொட்டினால் பயன் குறைவு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதிய மற்றவை: அப்பாவின் தோல் வெள்ளையாக உரிவது குளிரால். தேங்காய் எண்ணெயை அழுத்தாமல் பூசுங்கள். ராத்திரி கை சில்லிடுவதற்குக் கம்பளி போதும். வாட்ஸ்அப்பில் வந்த “தசைச் சிதைவு நோய்” பட்டியலை அழித்துவிடுங்கள்.

ஸ்கேனுக்குப் போகும்போது அந்தப் பொடி டப்பாவையும் கையோடு கொண்டுபோய் லேபிளைக் காட்டுங்கள். உறைதலைத் தடுக்கும் மாத்திரையோடு சேரக் கூடாத மூலிகை எதாவது அதில் இருக்கிறதா என்று அவர்கள் பார்க்க வேண்டும்.