டெல்லியில் ஆட்சி மாறினால் வீட்டு ஆர்டர் செல்லுமா?

கேள்வி: எங்களுக்குப் பென்னாகரம் பக்கம் ஒரு கிராமம். பிரதமர் வீடு கட்டும் திட்டத்தில் என் பெயருக்கு ஆர்டர் வந்துவிட்டது. மார்கழி என்பதால் இன்னும் கடைக்கால் தோண்டவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் ஆட்சி மாறினால் ஆர்டர் ரத்தாகிவிடும், பத்தாயிரம் கொடுத்தால் முன்கூட்டியே பணத்தை எடுத்துத் தருகிறேன் என்கிறார் ஊரில் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

ஆட்சி மாறியதும் ஆர்டர் தானாக ரத்தாகாது. 2014 மே 26-ல் டெல்லியில் புது அரசு பதவியேற்றது. அப்போது இருந்த இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் அதற்குப் பிறகும் ஓடியது. 2016 ஏப்ரலில் இருந்துதான் இப்போதைய திட்டம் அந்த இடத்துக்கு வந்தது. சமவெளிப் பகுதிக்கு 70,000 ரூபாயாக இருந்த தொகை 1,20,000 ஆனது. பாதியில் நின்ற பழைய வீடுகளை முடிக்கும் வேலையும் கூடவே நடந்தது. இடைப்பட்ட மாதங்களுக்குப் பணம்? தேர்தல் ஆண்டில் இடைக்கால பட்ஜெட் போட்டு, அந்தச் சில மாதச் செலவுக்கு நாடாளுமன்றம் முன்பே ஒப்புதல் கொடுத்துவிடும். 2014-ல் பிப்ரவரி 17-ல் அது வந்தது. முழு பட்ஜெட்டைப் புது அரசு ஜூலை 10-ல் போட்டது.

நீங்கள் கவலைப்பட வேண்டியது தேர்தல் அறிவிப்புத் தேதியைப் பற்றித்தான். அந்த அறிவிப்போடு தேர்தல் நடத்தை விதி வந்துவிட்டால், ஆர்டர் வாங்கி வேலையும் தொடங்கியவருக்கு உதவி தொடரும். தொடங்காத வீட்டைத் தேர்தல் முடியும்வரை தொடங்க முடியாது. அறிவிப்பு 2014-ல் மார்ச் 5, 2019-ல் மார்ச் 10, 2024-ல் மார்ச் 16 அன்று வந்தது. 2024-ல் நாம் ஏப்ரல் 19-லேயே ஓட்டுப் போட்டுவிட்டோம். ஆனாலும் ஜூன் 4-ல் எண்ணி முடிக்கும்வரை விதி நீடித்தது. ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம்!

அதனால் தை பிறந்ததும் பூஜை போட்டுவிடுங்கள். அதற்கு முன் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் போய் ஓவர்சியரை இடத்துக்கு வரச் சொல்லுங்கள். அவர் செல்போனில் எடுக்கும் படத்தில் இடம், தேதி எல்லாம் பதிவாகும். பேஸ்மட்டம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் இப்படிப் படம் ஏறினால்தான் அடுத்த தவணை வரும். அதுவும் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். நடுவில் ஒருவர் புகுந்து 'முன்கூட்டியே எடுத்துத் தர' இதில் வழியே கிடையாது. அப்புறம், கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா, கணக்கு முடங்காமல் இருக்கிறதா என்று வங்கியில் இப்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த ஆள் மறுபடியும் வந்து நச்சரித்தால், தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுங்கள். ஆர்டர் நகலையும் பாஸ்புக் நகலையும் சேர்த்துவையுங்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் மனுநாள் வழக்கம்போல் நடக்காது, அதற்கு முன்பே போய்விடுங்கள்.